இன்ஸ்பெக்டருக்கு ஒரு பல் டாக்டர்

எங்கள் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். முதலாளிகூடச் சில சமயம் வாய் தவறி அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளிப்பார். உண்மையில் அவர் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி. அவனுக்கு முப்பத்து நான்கு வயது, ஆறடி உயரம். பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது. அவன் வாயிலிருந்து வருகிற ஒலிகள் மொத்தமே மூன்று. தண்ணீருக்கு ஒன்று, என் வண்டிக்கு ஒன்று. மூன்றாவது 'ண்ணி'.

அண்ணியின் கணவர் எங்கள் கூடத்தில்தான் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, இவனை எந்த விடுதியில் சேர்ப்பது என்று பேசினார்கள். மறுநாள் காலையில் அண்ணி கொழுந்தனுக்குத் தலை சீவிவிட்டு, கையைப் பிடித்து வேலைக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள்தான் எங்கள் பிழைப்பு. அழுக்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதும், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலை. மடிக்கிற பகுதியில் நீள மேசை போட்டு அண்ணியையும் சேர்த்துப் பெண்கள் எட்டுப் பேர் நிற்பார்கள். மேசையின் கடைசியில் அவனுக்கு ஒரு முக்காலி. தலையணை உறைகளை அவன் மடிப்பான். முனையோடு முனை ஒரு நூல்கூடப் பிசகாது. தன்னுடையதை முடித்துவிட்டுப் பக்கத்துப் பெண்களின் அடுக்கை இழுத்து, கோணலாக இருப்பதைப் பிரித்துத் திரும்ப மடிப்பான். அதனால்தான் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வந்தது. "இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு நாளாவது லீவு போடக் கூடாதா" என்று பெண்கள் முனகுவார்கள். முனகிக்கொண்டே அவனுக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுப்பார்கள்.

போன மழைக்காலத்தில் அவன் மாறிப்போனான். முதலில் இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். பிறகு சாப்பாட்டுத் தட்டை வீசினான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். ஒரு நாள் வெளுத்து வந்த விரிப்பை நடுவில் கிழித்தான். முதலாளி அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, கொஞ்ச நாள் அவனை வீட்டுலயே வச்சுக்கோயேன். நான் ஒண்ணும் வேலையை விட்டு நிக்கச் சொல்லல" என்றார். அண்ணி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமான மாத்திரையை இரண்டு மடங்காக்கி எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து இன்ஸ்பெக்டர் தூங்கிக்கொண்டே இருந்தான். அண்ணி அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்து, சாப்பாட்டு வேளையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணி என் வண்டிக்கு அருகில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, நேத்து அவனுக்கு வாய் துடைச்சு விட்டேன். உள்ள இருந்து ஒரு வாடை. ஆஸ்பத்திரி மூட்டையப் பிரிச்சா வருமே, அதே வாடை."

"பல்லா இருக்குமோ?"

"பல்லுதான். இத்தனை நாளா கன்னத்துல அடிச்சு அடிச்சு சொல்லியிருக்கான். நான் மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கேன்."

அவர் அழவில்லை. யாரிடம் கூட்டிப்போகலாம் என்று மட்டும் கேட்டார்.

பல் டாக்டர் விஷயத்தில் யோசனை சொல்ல ஆளா இல்லை. ஒரு பெண் கை லேசான டாக்டர் ஒருவரைச் சொன்னாள். இன்னொருத்தி, பேசிக்கொண்டே இருப்பார், பிடுங்கினதே தெரியாது என்று வேறொருவரைச் சொன்னாள். முதலாளி தன் மகளுக்குப் பல் வரிசையைச் சரிசெய்த இடத்தைச் சொன்னார். எல்லோருடைய டாக்டரும் நல்ல டாக்டர்தான். வாயைத் திற என்றால் திறக்கத் தெரிந்தவர்களுக்கு.

முதலாளி சொன்ன இடத்துக்கே முதலில் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சி, சுவரில் சிரிக்கிற வாய்களின் படங்கள். இன்ஸ்பெக்டர் அமைதியாகத்தான் உள்ளே வந்தான். உள்ளறையில் மெஷின் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். படுத்தபடி கத்தினான். காத்திருந்தவர்கள் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார்கள். ஓர் அம்மா தன் மகளின் கண்ணை மூடினாள். டாக்டர் வெளியே வந்து தூரத்திலிருந்தே பார்த்தார். பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இந்த மாதிரி கேஸ் எல்லாம் இங்க பாக்கறதில்லைம்மா. பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்துச் செய்வாங்க. அங்க போங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வரிசையில் நின்றோம். சீட்டு எழுதுகிறவர் நான்கு மாதம் தள்ளி ஒரு தேதி போட்டுக் கொடுத்தார். "அவசரங்க" என்று அண்ணி சொன்னதற்கு, "இங்க வர்ற எல்லாருக்கும் அவசரம்தாம்மா" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்குப் பின்னால் வாசல் வரை வரிசை நின்றது.

அந்த வாரம் சாப்பாட்டு வேளைகளில் அண்ணி என் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பல் டாக்டர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்தார். வயது கேட்டார்கள், எடை கேட்டார்கள். ஓர் இடத்தில், "கடிப்பாரா?" என்று கேட்டார்கள்.

"வலிச்சா யாருதான் கடிக்க மாட்டாங்க?" என்றார் அண்ணி. அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டார்கள்.

கடைசியில் சந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டார். "கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம். ஆனா நாலு பேராவது வேணும், பிடிச்சுக்கறதுக்கு. என்கிட்ட ஒரு ஆள் இருக்கான்." ஃபோனை வைத்ததும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனசு லேசானது. மாட்டேன் என்று சொல்லாத ஒரு டாக்டர் கிடைத்தாரே என்ற நினைப்புதான். வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

நானும் இப்போது பாய்லர் பார்க்கிறவரும் போனோம். டாக்டர் பருத்த கைகளோடு, வேர்த்த நெற்றியோடு இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை நான் இன்றைக்கும் சொல்வேன். எல்லோரும் விரட்டிவிட்ட ஒருவனை அவர் உள்ளே விட்டார். நாற்காலியின் உறை பல இடங்களில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. இன்ஸ்பெக்டரை உட்கார வைத்தோம். ஒரு கையைப் பாய்லர்காரர் பிடித்தார், மறு கையை டாக்டரின் ஆள். கால்களை நான் பிடித்தேன். டாக்டர் அண்ணியைப் பார்த்து, "நீங்க தலையைப் பிடிச்சுக்கங்க. உங்களைத்தானே அவனுக்குத் தெரியும்" என்றார்.

அண்ணி பின்னால் நின்று அவன் தலையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகி வாயை அகற்றினார்கள். ஊசி போட்டார்கள். அது வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது, அவனாலும் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஆனது என்றும் எனக்குத் தெரியவில்லை. என் கைகளுக்குள் அவன் கால்கள் மெஷின் பெல்ட் போலத் துடித்தன. அவனுடைய கால்சட்டை நனைந்து என் முழங்கை வரை ஈரமானது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே கவிந்திருந்த அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பல்லைக் கிண்ணத்தில் போட்டார். "அவ்வளவுதாம்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

திரும்பி வரும்போது எப்போதும் போல முன்னால் அண்ணிக்கும் எனக்கும் நடுவே அவன் உட்காரவில்லை. பின்னால் ஏறி மூட்டைகளுக்கு நடுவில் போய்ச் சுருண்டுகொண்டான்.

இரண்டு நாளில் சரியாகவில்லை. அண்ணி கையால் எது கொடுத்தாலும் தட்டிவிட்டான். பல்லுக்குக் கொடுத்த மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தால் பாலையே குடிக்க மறுத்தான். நாலாம் நாள் தாடைக்குக் கீழே வீங்கியது. டாக்டருக்கு ஃபோன் செய்தோம். "பிடுங்கின இடம் வீங்கத்தாம்மா செய்யும்" என்றார். ஐந்தாம் நாள் காலையில் நான் ஒரு விடுதியில் விரிப்புகளை இறக்கும்போது, அங்கே அறை துடைக்கிற அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் தங்கை மகளும் இதே மாதிரி என்றும், சைக்கிள் கடை மாடியில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார், அவர்தான் அவளுக்குப் பார்க்கிறார் என்றும் சொன்னார். நம்பரை என் கையிலேயே எழுதிவிட்டார்.

அண்ணி வண்டியிலிருந்து ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அந்த டாக்டரின் குரல் கறாராக இருந்தது, கொஞ்சம் சிடுசிடுப்புகூட. ஆனால் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன.

"அவருக்கு என்ன செய்யப் பிடிக்கும்?"

"துணி மடிப்பான்."

"எந்தச் சத்தம் கேட்டா பயப்படுவார்?"

அண்ணி சொன்னார்.

"இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களா? அங்க என்ன நடந்துச்சு?"

அண்ணி ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு பேர் பிடிச்சுக்கிட்டுப் பிடுங்கினோம்ங்க" என்றேன் நான்.

"ஒரு மணிக்கு வாங்க. அப்ப மெஷின் எதுவும் ஓடாது. வேற யாரும் இருக்க மாட்டாங்க."

ஒரு மணிக்குப் போனோம். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நான் மாடி ஏறிப்போய்ச் சொன்னேன். டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னிடம் ஒரு தலையணை உறை கேட்டு வாங்கி, வண்டியின் பின்படியில் அவன் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்து, வேண்டுமென்றே கோணலாக மடித்தார். அவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு நகர்ந்து வந்து அதைப் பிடுங்கி, உதறி, சரியாக மடிக்க ஆரம்பித்தான். டாக்டர் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் எச்சில் நிற்காமல் ஒழுகியது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"எச்சில் முழுங்க முடியாம எப்ப இருந்து இருக்கார்?"

"காலையில எந்திரிச்சதுல இருந்து" என்றார் அண்ணி.

டாக்டர் எழுந்துவிட்டார். "இது நான் பாக்கற விஷயம் இல்லம்மா. சீழ் தொண்டைப் பக்கம் இறங்குது. சாயங்காலம் வரைக்கும் விட்டா மூச்சு அடைச்சுடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க. நானும் வர்றேன்." மேலே போய்க் கதவைக்கூடப் பூட்டவில்லை. முன்னால் ஏறி, வழியெல்லாம் ஃபோனில் யார் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். வரிசையைத் தாண்டி எங்களை நேரே உள்ளே கொண்டுபோனதும் அவர்தான்.

கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து மூச்சைக் காப்பாற்றினார்கள். தாடைக்கு அடியில் கிழித்துச் சீழை எடுத்தார்கள். ஒன்பது பற்களைப் பிடுங்கினார்கள். கடைசியில் மறைந்திருந்த கடைவாய்ப்பல்தான் புழுத்துப்போய் எல்லாவற்றுக்கும் மூலமாக இருந்திருக்கிறது. சந்தைப் பக்கத்து டாக்டர் பிடுங்கியது அதற்கு முன்னால் இருந்த, மேல்முனை மட்டும் உடைந்த பல். ஆபரேஷன் செய்தவர் வெளியே வந்து, "அதை எடுத்திருக்கவே வேண்டியதில்ல" என்று போகிற போக்கில் சொன்னார். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். குழாயைப் பிடுங்கிவிடுவான் என்று இரண்டு கைகளையும் கட்டிலில் கட்டியிருந்தார்கள். அண்ணி கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவான். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். பிறகு அண்ணி வார்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு நர்ஸ்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொண்டார்.

உயிரோடு வீடு திரும்பினான். கழுத்தில் ஒரு தழும்பு. முதலாளி அவனைத் திரும்ப வரச்சொல்லிவிட்டார். வந்ததும் அவன் பழைய முக்காலியை எடுத்து மேசையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், அண்ணியிடமிருந்து முடிந்த வரைக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டான். வீட்டில் தட்டை வைத்துவிட்டு அண்ணி அடுத்த அறைக்குப் போனால்தான் சாப்பிடுகிறான். தண்ணீர் கேட்கிறான், என் வண்டியைக் கண்டால் கூவுகிறான். மூன்றாவது ஒலி மட்டும் வரவில்லை.

இனிமேல் பல்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும், தினமும் யாராவது தேய்த்துவிட வேண்டும் என்று சைக்கிள் கடை மாடி டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணியைத் தொடவிட மாட்டான். ஒரு நாள் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துப் பார்த்தோம். வாயைத் திறந்துவிட்டான். அன்று தன் கால்களைப் பிடித்தவன் யார் என்று அவன் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய் நான்தான் தேய்த்துவிடுகிறேன். அந்த நேரத்தில் அண்ணி வாசலில் நின்றுகொள்வார். ஒவ்வொரு நாளும் எனக்குக் கூசும்.

"நீங்க பிடிக்கலேன்னா வேற யாராவது தலையைப் பிடிச்சிருப்பாங்க அண்ணி" என்று ஒரு முறை ஆறுதலாகச் சொன்னேன்.

"வேற யாராவது பிடிச்சிருந்தா பரவாயில்லையே தம்பி" என்றார்.

மாடி டாக்டரிடமே கேட்டும் பார்த்தார். எப்போது மறப்பான் என்று. அந்த டாக்டருக்குப் பூசி மெழுகத் தெரியாது. "சொல்ல முடியாதும்மா. மறக்காமலே போனாலும் போகலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணி என்று அவனுக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார். முதல் மூன்று செவ்வாய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். பிறகு அறைக்குள் தரையில். ஏழாவது வாரம் தானாகவே நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டான். டாக்டர் கண்ணாடியைக் காட்டுவார், அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். அதற்கப்புறம்தான் வாய்க்குள் போகும். சும்மா பார்க்கிறதுக்கே இப்படி ஒவ்வொரு வாரமும் ஓர் ஆளுக்கு நேரம் ஒதுக்குகிற டாக்டரிடம் கூட்டம் எப்படி இருக்கும்? அந்த நாற்காலிக்கு வர மூன்று வாரம், நான்கு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு பெண் தன் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் கூடத்தைத் தேடி வந்தார். அவனுக்குப் பதினெட்டு வயது, பேச்சில்லை. நான்கு நாளாகச் சாப்பிடவில்லையாம். எந்தப் பல் டாக்டர் நல்லவர் என்று கேட்டார்.

"நல்லவரான்னு பாக்காதீங்க. உங்க பையனுக்கு ஒத்துவருவாரான்னு பாருங்க" என்றார் அண்ணி. "ஃபோன் பண்ணும்போதே தெரிஞ்சுடும். பையனைப் பத்திக் கேக்கறாங்களா, பிடிச்சுக்க எத்தனை பேர் வருவீங்கன்னு கேக்கறாங்களா, அதைக் கவனிங்க."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "நாளைக்கு ஒரு இடத்துல வரச்சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரரையும் அவர் தம்பிகளையும் கூட்டிட்டு வரச்சொன்னாங்க."

அண்ணி மாடி டாக்டரின் நம்பரைக் கொடுத்தார். அங்கேயே நின்று ஃபோன் செய்தார்கள். அடுத்த இடம் இருபத்தாறு நாள் கழித்துத்தான் இருந்தது. "வலியில துடிக்கிறானே, அது வரைக்கும் எப்படிம்மா விடறது?" என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணி மேசை மேல் கையை ஊன்றி நின்றார். பிறகு ஃபோனைத் தன் கையில் வாங்கி, "டாக்டர், இன்னைக்கு ஒரு மணி எங்களுதுதானே? அதை இவங்களுக்குக் குடுத்துடுங்க. இனிமேயும் ரெண்டு மூணு வாரம் தேவைப்பட்டா எடுத்துக்கட்டும்" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. இன்ஸ்பெக்டருக்கு நாள் கணக்கு எப்படியோ தெரிகிறது. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முக்காலியை விட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டி பக்கத்தில் வந்து நின்றான். நான் அந்தப் பெண்ணையும் அவர் மகனையும் ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நமக்கு இல்லை என்று அண்ணி தூரத்திலிருந்தே கையை அசைத்துக் காட்டினார். அவன் அண்ணியைப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்த அந்தப் பையனையே பார்த்தான். நான் வண்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கண்ணாடியில் தெரிந்தான். செருப்போடு, அதே இடத்தில்.